கூட்டி வகுக்கப்படும் ரசனை

1

சில வருடங்களுக்கு முன்னர் மாணவர்களுக்கான சிறுகதைப் போட்டியொன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். நடுவர்கள் மூவர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதைக்கும் நூற்றுக்கு இவ்வளவு எனப் புள்ளியிட வேண்டும். மூன்றையும் கூட்டி வகுத்து, கூடிய சராசரி பெறும் கதைக்கு முதற் பரிசு என்பது ஏற்பாடு.

வந்த கதைகளில் ஒன்று, வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருக்கும் உம்மாவின் தொலைபேசி அழைப்புக்காக வெள்ளிக்கிழமைகளில் காத்திருக்கும் பெண்பிள்ளையைப் பற்றியது. உம்மா அது சாப்பிட்டாயா, இது படித்தாயா என்று கேட்டுக்கொண்டே போகிறாள். பிள்ளை எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்று மட்டும் சொல்கிறாள். கதை அவ்வளவுதான். நான் 86 இட்டேன். அடுத்தவர், உரையாடல் ஊர்ப் பேச்சில் இருப்பதையும் முடிவில் படிப்பினை எதுவும் இல்லாததையும் குறையாகக் கருதி 41 இட்டார். மூன்றாமவர் 63. சராசரி 63.3. ஒற்றுமையின் பலத்தை விளக்கும் இன்னொரு கதைக்கு நாங்கள் இட்டவை 68, 70, 67. சராசரி 68.3. முதற் பரிசு அதற்கே போனது.

முடிவுத் தாளில் கையொப்பம் வைத்த பிறகு தேநீர் குடித்துக்கொண்டே மூவரும் பேசினோம். அப்போதுதான் ஒரு விடயம் வெளியில் வந்தது. பரிசு பெற்ற கதை எங்கள் மூவரில் எவருடைய தாளிலும் முதலாவதாக இருக்கவில்லை. ஆளுக்கொரு கதையை முதலாவதாகக் கருதியிருந்தோம். எவருமே சிறந்தது என்று நம்பாத கதையை மூவரும் சேர்ந்து சிறந்தது என்று அறிவித்திருந்தோம். அந்தத் தாளில் என் கையொப்பமும் இருக்கிறது.

விமர்சகர்கள் வாக்களித்து வருடாந்தம் வழங்கும் திரைப்பட விருதுகளைப் பற்றி இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன். அதற்கு முன்னர் என் கணக்கைச் சொல்லிவிட வேண்டியிருந்தது. நான் கரையில் நின்று பேசுபவன் அல்லன் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

2

ஒஸ்கார் விருது படம் எடுப்பவர்களின் விருது. 1927இல் தொடங்கப்பட்ட அக்கடமியின் அங்கத்தவர்கள் நடிகர்கள், இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள். ஒரு தொழிலில் இருப்பவர்கள் அதே தொழிலில் இருக்கும் தங்களில் சிலரைப் பாராட்டுகிறார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால், ஹொலிவூட்டின் பெரிய ஸ்ரூடியோக்களின் செல்வாக்கு அந்த வாக்கில் இருக்கும் என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது.

1935இல் நியூயோர்க்கின் தினசரிகளில் எழுதிவந்த விமர்சகர்கள் ஒன்றுகூடி 'நியூயோர்க் திரைப்பட விமர்சகர் வட்டம்' என்ற அமைப்பை ஏற்படுத்தினர். விற்பவன் சொல்லும் தரம் வேறு, வாங்கிப் பார்ப்பவன் சொல்லும் தரம் வேறு என்ற எண்ணமே அதற்கு அடிப்படை எனலாம். அந்த வருடம் அவர்கள் சிறந்த படமாகத் தெரிவு செய்தது ஜோன் ஃபோர்ட் இயக்கிய 'தி இன்ஃபோர்மர்'. ஒஸ்கார் 'மியூட்டினி ஒன் த பவுன்ரி' என்ற பெருஞ்செலவுப் படத்துக்குப் போனது. வட்டம் இன்றுவரை இயங்குகிறது. வழக்கமாக டிசம்பரில் முடிவுகளை அறிவித்து, ஜனவரியில் ஒரு விருந்து வைபவத்தில் விருதுகளைக் கையளிக்கிறது.

இவ்வமைப்பின் பெருமையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வருடம் 1941. பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டொல்ஃப் ஹேர்ஸ்டின் வாழ்க்கையை நினைவூட்டிய 'சிட்டிசன் கேன்' படத்தை அவருடைய பத்திரிகைகள் இருட்டடிப்புச் செய்தன. ஒன்பது பிரிவுகளில் பிரேரிக்கப்பட்டும் அதற்குக் கிடைத்த ஒஸ்கார் திரைக்கதைக்கானது மட்டுமே. நியூயோர்க் விமர்சகர்கள் அதையே சிறந்த படமாக அறிவித்தார்கள். காலம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஒரு சிறு தகவலைப் பலர் சொல்வதில்லை. அதே விமர்சகர்கள் அதே வருடம் சிறந்த இயக்குநராகத் தெரிந்தது ஓர்சன் வெல்ஸை அல்ல. ஒஸ்காரில் 'சிட்டிசன் கேன்' படத்தை வென்ற 'ஹவ் கிறீன் வோஸ் மை வெலி' படத்தின் இயக்குநர் ஜோன் ஃபோர்ட்டையே தெரிந்தார்கள். தனி ஒரு விமர்சகர் இப்படி எழுதியிருந்தால், அந்த முரண்பாட்டுக்கு நாம் விளக்கம் கேட்போம். வாக்கெடுப்பு செய்தால் யாரிடம் கேட்பது?

1939ஆம் ஆண்டு இன்னும் சுவையானது. 'கோன் வித் த விண்ட்' படத்துக்கு ஒரு பகுதியினர். 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வொஷிங்டன்' படத்துக்கு மற்றப் பகுதியினர். சுற்றுச் சுற்றாக வாக்களித்தும் இரு பக்கமும் அசையவில்லை. இறுதியில் சமரசமாக மூன்றாவது படமொன்று தெரிவானது. அது 'வதறிங் ஹைட்ஸ்'. மோசமான படம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த அறையில் கடைசிவரை சண்டை பிடித்தவர்கள் அதற்காகச் சண்டை பிடிக்கவில்லை. இந்தச் சம்பவத்தை வாசித்தபோது எங்கள் தேநீர்க் கோப்பைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

3

இந்தக் கணக்கின் குறைபாட்டைச் சில விமர்சகர்களே உணர்ந்திருந்தார்கள். 1960களில் நியூயோர்க் வட்டம் தினசரிகளில் எழுதுபவர்களுக்கே இடம் கொடுத்தது. சஞ்சிகைகளில் எழுதியோர் வெளியில் நின்றனர். அவர்கள் 1966இல் 'தேசிய திரைப்பட விமர்சகர் சங்கம்' என்று தனியே கூடினார்கள். பவுலின் கேல், அண்ட்ரூ சாரிஸ் ஆகிய இருவரும் அதில் இருந்தார்கள். ஒரு படத்தின் ஆசிரியன் இயக்குநரே என்ற கோட்பாட்டைச் சாரிஸ் முன்வைத்தபோது, 1963இல் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர் கேல். அச்சில் மோதிக்கொண்ட அந்த இருவரும் ஒரே வாக்குப் பெட்டியில் சீட்டுப் போட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இவர்கள் வகுத்த முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு விமர்சகரும் தனக்குப் பிடித்த மூன்றை வரிசைப்படுத்தி, முதலாவதற்கு 3, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1 எனப் புள்ளியிடுவார். கூடிய புள்ளி பெற்றால் மட்டும் போதாது. வாக்குச் சீட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தப் பெயர் இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுற்று. அதில் நேரில் வராதவர்களின் சீட்டுகள் கழிக்கப்படும். முடிவை வெளியிடும்போது இரண்டாவது, மூன்றாவது இடங்களில் வந்தவையும் புள்ளிகளுடன் வெளியாகும். இந்தச் சங்கம் விருது விழா எதையும் வைப்பதில்லை. வென்றவர்களுக்குப் பத்திரச் சுருள் ஒன்று அனுப்பி வைக்கப்படும்.

பலன் உடனே தெரிந்தது. 1966இல் நியூயோர்க் வட்டமும் ஒஸ்காரும் 'எ மேன் ஃபோர் ஓல் சீசன்ஸ்' படத்தைத் தெரிந்தபோது, புதிய சங்கம் அன்ரோனியோனியின் 'புளோ அப்' படத்தைத் தெரிந்தது. மறுவருடம் முன்னைய இரண்டும் 'இன் த ஹீட் ஒஃப் த நைட்' படத்தில் ஒத்துப்போயின. சங்கம் பேர்க்மனின் 'பெர்சோனா'வைத் தெரிந்தது. ஒஸ்காருக்கு மாற்றாகப் பிறந்த வட்டம் முப்பது வருடங்களில் ஒஸ்காரின் முன்னோட்டமாக மாறிக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த இரு வருடங்களும் சாட்சி.

இன்று அமெரிக்காவில் பல நகரங்களில் இத்தகைய சங்கங்கள் உள்ளன. டிசம்பர் வந்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக முடிவுகளை அறிவிக்கின்றன. இவற்றைப் பின்தொடர்பவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "இதை வைத்து ஒஸ்கார் யாருக்கு என்று சொல்ல முடியுமா?" என்பதுதான். விமர்சகனின் வாக்குக்கு இதைவிடக் கீழான பயன் வேறு இருக்க முடியாது. ஆசிரியத் தொழிலில் இதை நாங்கள் நன்கு அறிவோம். பரீட்சையில் என்ன வரும் என்று ஊகித்துச் சொல்பவரைப் பிள்ளைகள் தேடிப் போவார்கள். ஆனால் அவர் பாடம் படிப்பிக்கவில்லை.

வாக்களிப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். கோல்டன் குளோப் விருதை வழங்கிவந்த ஹொலிவூட் வெளிநாட்டு நிருபர் சங்கத்தின் 87 அங்கத்தவர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்பதை 2021இல் 'லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்' வெளிப்படுத்தியது. 2022இல் அவ்விழா தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படவில்லை. 2023இல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டது. நிருபரும் விமர்சகரும் ஒன்றல்ல என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் யார் அறைக்குள் இருக்கிறார்கள் என்ற கேள்வி இருவருக்கும் பொதுவானது.

4

இனி, நம் வாசகர்களுக்கு நெருக்கமான படங்களுக்கு வருவோம். ஜபார் பனாஹியின் முதல் முழுநீளப் படம் 'வெள்ளைப் பலூன்'. திரைக்கதை அப்பாஸ் கியாரொஸ்தமி. புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப் புறப்பட்ட சிறுமி, கையிலிருந்த பணத்தாளைத் தெருவோரத்துக் கிராதிக்குள் தவறவிடுகிறாள். எடுப்பதற்கு ஆள் தேடுகிறாள். இவ்வளவுதான் படம். கல்முனையில் வாங்கிய ஒரு டிஸ்க்கில் இதைப் பல வருடங்களுக்கு முன்னர் பார்த்தேன். பணம் கிடைத்ததும் எல்லோரும் போய்விடுகிறார்கள். உதவி செய்த ஆப்கானியப் பலூன்காரப் பையன் மட்டும் தனியே நிற்கிறான். அவனுக்குப் போக வீடு இல்லை என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. 1996இல் நியூயோர்க் வட்டம் இதற்குச் சிறந்த பிறமொழிப் படம் என்ற விருதை வழங்கியது.

பிறமொழிப் படம் என்ற அந்தப் பிரிவை யோசித்துப் பார்க்க வேண்டும். விருந்தாளியை மரியாதையாக வரவேற்று, வெளித் திண்ணையில் தனிப் பாய் விரித்துக் கொடுப்பது போன்றது அது. சாப்பாடு உள்ளே உள்ளவர்களுக்குக் கொடுப்பதுதான். ஆனாலும் அவர் உள்ளே வரவில்லை. 2011இல் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'ஒரு பிரிவு' வந்தபோதும் நியூயோர்க் வட்டம் அதே பாயைத்தான் விரித்தது. அதே வருடம் லொஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர் சங்கமும் தேசிய சங்கமும் வேறொன்று செய்தன. சிறந்த திரைக்கதை என்ற பொதுப் பிரிவில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அத்தனைக்கும் மேலாகப் பாரசீக மொழியில் எழுதப்பட்ட அந்தத் திரைக்கதையைத் தெரிந்தன.

அந்தத் தெரிவு சரியானது என்பதற்குப் படத்தின் முதற் காட்சியே போதும். விவாகரத்துக் கேட்டு வந்த கணவனும் மனைவியும் நேரே நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீதிபதியின் குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. நீதிபதியின் ஆசனத்தில் நம்மை அமர்த்திவிட்டார் ஃபர்ஹாதி. அதன்பின் இரண்டு மணித்தியாலம் நாம் தீர்ப்புச் சொல்லத் தயாராகும் ஒவ்வொரு தடவையும் புதிய உண்மை ஒன்று வந்து கையைப் பிடிக்கிறது. வழக்கின் முடிச்சு, ஏழைப் பணிப்பெண் குர்ஆன் மீது சத்தியம் செய்வாளா என்பதில் வந்து நிற்கிறது. பணம் தேவை, கணவன் கடனாளி, வீடு நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவளால் முடியவில்லை. ஈமான் என்பதைப் பற்றி ஒரு வசனமும் பேசாமல் அதன் பாரத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சிகள் குறைவு. இதை 'முஸ்லிம்களைப் பற்றிய படம்' என்று திண்ணையில் வைக்காமல், 'நன்றாக எழுதப்பட்ட படம்' என்று உள்ளே எடுத்தது அந்த இரு சங்கங்களின் வாக்கு. 2021இல் ஜப்பானியப் படமான 'டிரைவ் மை கார்' மூன்று அமைப்புகளிலும் சிறந்த படமாகவே தெரிவானது. பாய் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

5

இவ்விருதுகளால் நடைமுறையில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு படங்களைச் சொல்வேன்.

ஒன்று, 1985இல் ரெறி கில்லியம் இயக்கிய 'பிரேஸில்'. படம் நீளம், முடிவு துயரம் என்று கூறி யுனிவர்சல் நிறுவனம் அதை அமெரிக்காவில் வெளியிடாமல் வைத்திருந்தது. இயக்குநர் படத்தை விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டினார். திரையரங்கு காணாத அந்தப் படத்துக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர்கள் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்று விருதுகளையும் கொடுத்தார்கள். நிறுவனம் படத்தை வெளியிட வேண்டியதாயிற்று.

மற்றது, 'வேறு நிலம் இல்லை' என்ற ஆவணப்படம். பாஸில் அத்ரா, ஹம்தான் பலால் ஆகிய இரு பலஸ்தீனரும், யுவால் ஆபிரகாம், ராஹேல் சோர் ஆகிய இரு இஸ்ரேலியரும் சேர்ந்து இயக்கியது. மேற்குக் கரையின் தெற்கே மஸாஃபர் யத்தா என்ற கிராமத் தொகுதியை இராணுவப் பயிற்சி நிலம் என்று சொல்லி, வீடு வீடாக இடித்துக் குடிமக்களை வெளியேற்றுவதை அது பதிவு செய்கிறது. அதில் ஒரு பாடசாலை வருகிறது. ஊரார் பகலில் பெண்களும் இரவில் ஆண்களுமாகக் கட்டியெழுப்பிய பாடசாலை. அதையும் இடிக்கிறார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் நிற்பவன் அந்தக் காட்சியை இரண்டாம் முறை பார்க்க மாட்டான். நான் பார்க்கவில்லை.

இப்படம் 2024 பெப்ரவரியில் பெர்லின் விழாவில் சிறந்த ஆவணப்பட விருதைப் பெற்றது. டிசம்பரில் நியூயோர்க் வட்டமும் லொஸ் ஏஞ்சல்ஸ் சங்கமும் அதையே தெரிந்தன. 2025 மார்ச்சில் ஒஸ்காரும் கிடைத்தது. அந்த நாளிலும் அமெரிக்காவில் அதை வாங்கி விநியோகிக்க ஒரு கம்பனி முன்வந்திருக்கவில்லை. படத்தை எடுத்தவர்களே திரையரங்குகளைப் பிடித்து ஓட்டினார்கள். ஒஸ்காருக்குப் பின்னர் மியாமி பீச் நகர மேயர், அதைத் திரையிட்ட அரங்கின் குத்தகையை ரத்துச் செய்ய முயன்று, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார். அதே மார்ச் மாதத்தில் ஹம்தான் பலால் தன் ஊரில் குடியேற்றக்காரர்களால் தாக்கப்பட்டு, படையினரால் தடுத்து வைக்கப்பட்டார்.

'பிரேஸில்' படத்துக்குத் திறந்த கதவு இதற்குத் திறக்கவில்லை. ஆகவே விமர்சகர்களின் வாக்கு சந்தையைப் பணிய வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சந்தைக்குப் பணம் மட்டும் பிரச்சினையாக இருக்கும்போது அது பணியலாம். அதற்கு மேல் அச்சம் சேர்ந்துவிட்டால் பணியாது. ஆனால் ஒன்றுண்டு. எவரும் தொடத் தயங்கிய படத்தைப் பார்த்து, இது இந்த வருடத்தின் சிறந்த ஆவணப்படம் என்று ஒரு தொகுதி விமர்சகர்கள் தங்கள் அமைப்பின் பெயரால் பதிந்து வைத்தார்கள். நாளை ஒருவர், 'அப்படி ஒரு படம் இருப்பது தெரியாது' என்று சொல்ல முடியாது. விமர்சகர் விருதின் உண்மையான வேலை இதுதான் என்று கருதுகிறேன். எல்லோரும் ஏற்கெனவே அறிந்த படத்துக்கு இன்னொரு கிரீடம் வைப்பதற்கு விமர்சகன் தேவையில்லை.

6

விமர்சகன் தனியே எழுதும்போது காரணம் சொல்கிறான். கூடி வாக்களிக்கும்போது எண் சொல்கிறான். எண்ணோடு யாரும் வாதாட முடியாது என்பதே அதன் வசதி, அதுவே அதன் அநீதியும். அமெரிக்க விமர்சகர்களின் விருதுகளுக்கு இன்னும் ஏதேனும் பெறுமதி இருந்தால், அந்த வாக்காளர்கள் வருடம் முழுவதும் தத்தம் பெயரில் எழுதிய விமர்சனங்கள் அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதால்தான். எந்தப் படம் வென்றது என்பதை மறந்துவிட்டு, இரண்டாவதாக எது வந்தது, அதற்காக யார் என்ன எழுதினார் என்று தேடிப் போகும் வாசகனுக்கே அவ்விருதுகள் பயன்படும்.

நம்மிடையேயும் விருதுகளுக்குக் குறைவில்லை. பட்டங்களுக்கும் பொன்னாடைகளுக்கும் குறைவில்லை. நடுவர்கள் ஏன் அப்படித் தெரிந்தார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதப்பட்டதைத்தான் நான் அதிகம் கண்டதில்லை. பெற்றவருக்கும் தெரியாது, பெறாதவருக்கும் தெரியாது.

அந்தப் போட்டியின் பரிசளிப்பு நாளில், பங்குபற்றியமைக்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள்.

"என்ட கதையில என்ன பிழை சேர்?"

"பிழை ஒண்டும் இல்ல மகள்" என்றேன். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு அவளிடம் இருந்தது 63.3 என்ற எண் மட்டும்தான். வீட்டுக்கு வந்து, அந்தக் கதையில் 'ஓம்' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் எப்படி வேறு பொருள் கொள்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கீழே என் பெயரையும் எழுதி, அவளுடைய பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுவருடமும் நடுவராக அழைத்தார்கள். மூவரும் தத்தம் முதற் தெரிவுக்கான காரணத்தை அரைப் பக்கம் எழுதிப் பெயருடன் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். நேரம் போதாது என்றார்கள். கடைசியில் இருவர் எழுதினோம். மூன்றாமவர் புள்ளி மட்டும் இட்டார். அந்த இரண்டு அரைப் பக்கங்களையும் அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மாறாகவே எழுதியிருந்தோம். பிள்ளைகள் நின்று வாசித்தார்கள்.